சலேத் மேரி உங்களுக்கு என்ன வேணும்?

இந்தக் காலத்தில் எவனும் எவனையும் பார்த்து "நீ யாரு?" என்று கேட்பதில்லை. மணிக்கட்டைக் காட்டுகிறான், கதவு திறக்கிறது, உள்ளே போகிறான். எதிரே நிற்பது மனிதனா மாடா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. தூத்துக்குடித் துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் வாசல்காரனாக இருக்கிறேன். வருகிற லாரி ஒன்றிலும் ஓட்டுகிறவன் கிடையாது. ஆனாலும் வாசலில் உயிருள்ள ஆள் ஒருத்தன் நிற்க வேண்டும் என்று சட்டமாம். அதனால் எனக்கு வேலை. ஆளில்லாத லாரிக்கு நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். அது விளக்கை ஒருதரம் சிமிட்டும். நாள் முழுக்க எனக்கு மரியாதை கொடுக்கிறது அது ஒன்றுதான்.

என் பேர் பூலோகம். வயசு எழுபத்து மூன்று. ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், அதிலும் பாதி நாள் போகவில்லை. மெஷின் எதையும் நம்புகிறவன் இல்லை. மனுசரையும் அப்படித்தான்.

யார்டுக்கு நேர் எதிரே சலேத் மேரி கடை. இட்லி, ஆப்பம், மத்தியானம் மீன் குழம்பும் சோறும். இருபத்திரண்டு வருசமாக அங்கேதான் சாப்பிடுகிறேன். இருபத்திரண்டு வருசமாக அவள் குழம்பில் உப்பு கூடுதல் என்று சொல்கிறேன். உப்பளத்து ஊரில் உப்பு கூடாமல் வேறென்ன கூடும் என்று அவளும் பதில் சொல்கிறாள். அவளுக்குப் புருசன் இல்லை, பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்கள் கொழும்புப் பக்கம் போய்ச் சேர்ந்து தொடர்பு விட்டுப்போனது. என் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

இருபது வருசத்துக்கு முன்னால் ஒரு விஷக்காய்ச்சலில் சலேத்துக்கு இரண்டு காதும் போயின. நான்தான் ஆட்டோ பிடித்து தேவசகாயம் டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் காதுக்குப் பின்னால், தலைத்தோலுக்கு அடியில், ஒரு வில்லையை வைத்தார். வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற இன்னொரு வில்லை. இரண்டும் பேசிக்கொண்டால் அவளுக்குக் கேட்கும். நன்றாகவே கேட்டது. யார்டு வாசலில் நான் முணுமுணுத்தால் அடுப்படியில் இருந்து பதில் வரும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எல்லாம் நின்னுட்டு வே," என்றாள்.

அந்தக் கருவியை வருசத்துக்கு ஒருதரம் டாக்டர் சோதித்து அளவு வைக்க வேண்டுமாம். வைக்காவிட்டால் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துகொள்ளுமாம். டாக்டர் போன வருசம் இறந்துவிட்டார். அதைச் செய்த கம்பெனி அதற்கும் முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம், ஆனால் இவள் நெஞ்சு மயக்க மருந்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மெஷினைத் தலைக்குள் வைக்கத் தெரிந்தவன், தான் கடையை மூடினால் அந்தத் தலை என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பிறகு அவள் போனில் ஒரு வசதி போட்டுக்கொண்டாள். எதிரே இருப்பவர் பேசினால் எழுத்தாக ஓடும். மூன்றாவது வரை படித்தவள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிப்பதற்குள் ஆப்பம் கருகிவிடும். சாப்பிட வருகிறவர்கள் பேசுவதை விட்டுவிட்டு விரலால் காட்ட ஆரம்பித்தார்கள். அவளும் பேச்சைக் குறைத்தாள். ஒருநாள் தண்ணீர்க்குடத்தோடு ரோட்டைக் கடக்கிறாள், பின்னால் ஆளில்லாத லாரி வந்து நிற்கிறது, ஹாரன் அடிக்கிறது, திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் இழுத்தேன். குடம் உடைந்தது. எதற்கு இழுத்தீர் என்று என்னோடு சண்டை போட்டாள். சண்டை போட்டவள் பிறகு அன்று முழுக்கக் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்றைக்குக் குழம்பு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஜைனம்பு ஆள் அனுப்பினாள்.

ஜைனம்பு காயல்பட்டினத்துக்காரி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். டாக்டர் வீட்டுச் சாமான்களை அவர் பிள்ளைகள் மொத்தமாக விற்றபோது அவளிடம் ஒரு லேப்டாப் வந்திருக்கிறது. டாக்டர் தன் நோயாளிகளுக்கெல்லாம் அளவு வைத்தது அதில்தான். மூடியின் உள்பக்கம் ஒரு தாளில் இருபத்து மூன்று நோயாளிகள் பேர் எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பேரையெல்லாம் தேடி அவளாகவே சொல்லி அனுப்பியிருக்கிறாள். முதலில் கிடைத்தது சலேத்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு வாங்க. கூட ஒரு ஆளும் வேணும்," என்று சொல்லிவிட்டிருந்தாள்.

கூட ஒரு ஆள் எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அந்த லேப்டாப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஒரு செங்கல் கனம். ஓரமெல்லாம் உடைந்து, பாதிப் பித்தான் விழுந்து, கிழவன் வாய் மாதிரி இருந்தது.

"இதுக்கு என்ன வயசு பிள்ள?" என்றேன்.

"முப்பதுக்கு மேல இருக்கும் அண்ணாச்சி. என் கல்யாணத்தை விட மூத்தது."

"உன் கல்யாணமாவது ஓடுதா?"

"அது ஓடிட்டு, இதத்தான் ஓட்டணும்," என்று சிரித்தாள். சுவிட்சைப் போட்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? உள்ள இருக்கற சிஸ்டம் தன்னைச் செஞ்ச இடத்தைக் கூப்பிட்டு 'நான் ஓடலாமா?'ன்னு கேக்குது. அந்தப் பக்கம் இத்தனை பழசுக்குப் பதில் சொல்ல ஆளை எடுத்துட்டாங்க. ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னு பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு."

"டாக்டர் எப்படி ஓட்டினாரு?"

"அவரு இதை நெட்டோட சேக்கவே இல்ல. அதனால இதுக்குக் கேக்கணும்னே தோணல. பிள்ளைங்க விக்கறதுக்கு முன்னால, ஓடுதான்னு பாக்க நெட்டுல சேத்துட்டாங்க. அன்னைக்கே இப்படி ஆயிருச்சு. அதான், பழைய சிஸ்டத்தை எடுத்துட்டு வேற சிஸ்டம் போடப் போறேன்."

"அடியில இருக்கறதை எடுத்தா மேல இருக்கற டாக்டர் சாமானெல்லாம் விழுந்துராதா?"

"ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்குறாங்கல்லா? சாமான் சட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். அடியில மட்டும் புதுசாக் கட்டி இறக்கிருவாங்க. அதே மாதிரிதான்."

ஜாக்கி வைத்துத் தூக்கிய வீட்டில் எங்கள் தெருவில் சுவர் வெடித்தது எனக்குத் தெரியும். சலேத் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லவில்லை.

"புது சிஸ்டம் எவன் செஞ்சது?"

"எந்தக் கம்பெனியும் இல்ல. சும்மா ஆளுக சேந்து செஞ்சது. யாழ்ப்பாணத்துல ரெண்டு பேரு, நாமக்கல்ல ஒரு வாத்தியாரு, கப்பல்ல வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு, இப்படி. எவனும் கடையை மூடிட்டுப் போக முடியாது பாருங்க, கடையே இல்லியே. 'ஊரார்'னு பேரு வச்சிருக்காங்க."

"ஊராரா? உருப்பட்டாப்லதான்," என்றேன்.

சலேத் போனைத் தூக்கிப் பார்த்தாள். என்ன எழுத்து ஓடியதோ, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிப் புன்னகை செய்தாள். இந்த எட்டு மாதமாக அவள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வது கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது. காது போனதில் புத்தியும் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஜைனம்பு வேலையை ஆரம்பித்தாள். ஊதிப்போயிருந்த பேட்டரியைக் கழற்றி வெளியே மணலில் வைத்தாள். கட்டைவிரல் அளவு பென் டிரைவ் ஒன்றைச் செருகினாள். திறக்கிற நேரத்தில் ஒரு பித்தானை அமுக்க வேண்டுமாம், அந்தப் பித்தான் இருந்த இடத்தில் வெறும் குழி. தலையில் இருந்து ஹேர்பின்னை உருவி அதில் குத்தினாள். திரை கறுத்து வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது.

"அண்ணாச்சி, இந்தச் சார்ஜர் வயரு லூசு. வயரு முனையில இருக்கற பின்னை இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் கரண்டு ஏறும். அசையாமப் பிடிங்க. பேட்டரி கிடையாது, நடுவுல கரண்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. இன்னொண்ணு, கீபோர்டு பாதி செத்துப் போச்சு, அதனால குரல்லதான் பேசப் போகுது. முதல்ல எந்தக் குரல் கேக்குதோ அதைத்தான் சாட்சியா எடுத்துக்கும். நான் சொல்றவரை ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

ஜைனம்பு சலேத்தின் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாள். நான் பின்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கால் மணி, அரை மணி. கை விறைத்தது. முட்டி கடுத்தது. திரையில் ஒரு நீளக்கோடு பல்லி நகர்கிற மாதிரி நகர்ந்தது. கடைசியில் கோடு முடிந்து, ஏதோ ஒரு மணிச்சத்தம் கேட்ட அதே நேரத்தில், பின்னில் இருந்து சுரீர் என்று விரலில் அடித்தது.

"அட சனியனே!" என்றேன்.

"வணக்கம்," என்றது லேப்டாப். பெண் குரல், நல்ல பாசமான குரல். "உங்கள் குரலைச் சாட்சியாகப் பதிந்துகொண்டேன். உங்கள் பெயர் 'அட சனியனே', சரிதானா?"

ஜைனம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"என் பேரு பூலோகம்," என்றேன்.

"மகிழ்ச்சி, பூலோகம். ஒரு நோயாளியின் பதிவு இங்கே இருக்கிறது. அதைத் திறக்க வேண்டும். சலேத் மேரி உங்களுக்கு என்ன வேணும்?"

இத்தனை பணிவாக என்னிடம் எந்த மெஷினும் கேட்டதில்லை. இருவருக்கும் சேர்த்துக் கேட்கிறதாக்கும் என்று நினைத்தேன். "அவளுக்குக் காது கேக்கணும். எனக்கு ஒரு டீ போதும்," என்றேன்.

"'ஒரு டீ' என்ற உறவுமுறை என் பட்டியலில் இல்லை," என்றது. "இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது."

ஜைனம்பு பாய்ந்து வந்து லேப்டாப்பில் ஒரு சின்ன ஓட்டையை விரலால் அடைத்தாள். அது அதன் காதாம்.

"ஐயோ அண்ணாச்சி! அது உறவு கேக்குது! சலேத்தம்மா உங்களுக்கு என்ன முறைன்னு கேக்குது!"

"உறவுன்னா உறவுன்னு கேக்க வேண்டியதுதானே? சாப்பாட்டுக்கடை மாதிரி என்ன வேணும்னு கேட்டா?"

"நாம அப்படியா கேக்கோம்? பஸ்ல ஒருத்தரு கூட ஒருத்தி வந்தா, 'இவுங்க உங்களுக்கு என்ன வேணும்'னுதான கேக்கோம்? இதைச் செஞ்சவங்களும் நம்ம ஆளுகதான அண்ணாச்சி?"

பிறகு சட்டத்தைச் சொன்னாள். உடம்புக்குள் இருக்கிற கருவியை எவனும் தூரத்தில் இருந்து கெடுத்துவிடக் கூடாது என்று ஒரு சட்டம். நோயாளியும் இருக்க வேண்டும், சொந்தக்காரர் ஒருவரும் இருந்து சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் சொந்தக்காரன் கையெழுத்து கேட்பார்கள் அல்லவா, அதேதான். மூன்று பதில் தப்பானால் பதிவை அழித்துவிடும்.

"அழிச்சா?"

"தலைக்குள்ள இருபத்திரண்டு கம்பி இருக்கு. எந்தக் கம்பிக்கு எவ்வளவு கரண்டுன்னு டாக்டர் ஒரு வருசமா உக்காந்து பாத்துப் பாத்து வச்சது. அது போச்சுன்னா யாராலயும் திரும்ப வைக்க முடியாது. பிரதி எடுக்கலாமான்னு பாத்தேன், பூட்டு இந்த மெஷின்லயே ஒரு சில்லுல இருக்கு. வெளிய எடுத்தா குப்பைதான்."

"சொந்தக்காரன் இல்லாதவ என்ன செய்வா?"

எல்லாருக்கும் யாராவது இருப்பார்கள் என்று நினைத்துச் சட்டம் போட்டிருப்பார்கள். போட்டவனுக்குப் பெரிய குடும்பம் போல.

"கையை எடு," என்றேன். எடுத்தாள். எனக்குப் பொய் வராது. "எதிர்க்கடைக்காரி. சொந்தம் கிடையாது," என்றேன்.

"இருபது ஆண்டுகளுக்கு முன் சலேத் மேரி தந்த பதிலோடு இது பொருந்தவில்லை," என்றது அந்தப் பாசக்காரி. "இன்னும் ஒரு வாய்ப்பு. அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள்."

ஜைனம்பு மறுபடியும் ஓட்டையை அடைத்தாள். அவள் கண் பளபளத்தது. "அண்ணாச்சி! அப்ப அது ரத்த சொந்தம் பாக்கல. அன்னைக்கு அவுங்க உங்களை என்னன்னு சொன்னாங்களோ, அதே பதிலை நீங்க சொல்லணும். அவ்வளவுதான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது நீங்கதான?"

"நான்தான்."

"அப்ப 'கணவன்'னு போட்டிருப்பாங்க. ஆஸ்பத்திரியில பொம்பளை கூட ஒரு ஆம்பளை வந்தா அதைத்தான் போடுவாங்க. சொல்லிருங்க."

"இருபத்திரண்டு வருசமா உப்புக் குழம்பு தின்னதுக்கு இந்தத் தண்டனை வேறயா?"

"விளையாடாதீங்க. சொல்லுங்க."

"நீ இரு. அவகிட்ட கேளு."

ஜைனம்பு சலேத்தின் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். சலேத் எழுத்துக் கூட்டி வாசித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை வாசித்து முடித்ததும் முறுக்கைக் கீழே வைத்தாள்.

"நான் உறவு ஒண்ணும் சொல்லலியே," என்றாள் உரக்க. காது கேட்காததில் இருந்து அவளுக்கு எல்லாமே உரக்கத்தான். "அன்னைக்கு எனக்கு என்ன கேட்டுது? பூலோகத்தையும் என்னையும் மாத்தி மாத்திக் கைய காட்டி டாக்டரு வாய அசைச்சாரு. உதட்டைப் பாத்தா 'என்ன வேணும்'ங்காப்ல இருந்து. சாப்பிட எதும் வேணுமான்னு கேக்காராக்கும்னு 'எனக்கு ஒண்ணும் வேணாம் டாக்டர்'னேன். அவரு சிரிச்சாரு. டைப் அடிச்சாரு. அம்புட்டுத்தான்."

எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. பின்னில் இருந்து வந்த கரண்டு இல்லை.

"ஒண்ணும் வேணாம்னு போட்டிருக்காரு," என்றேன்.

"எங்க?"

"உறவுக் கட்டத்துல. அவ சொன்னதை அப்படியே அடிச்சிருக்காரு."

"அண்ணாச்சி, படிச்ச மனுசன், உறவுக் கட்டத்துல போய் அப்படி அடிப்பாரா? சிரிச்சுட்டு 'கணவன்'னுதான் அடிச்சிருப்பாரு. நூத்துக்கு தொண்ணூறு அதான்."

"உனக்கு அந்த டாக்டரைத் தெரியாது பிள்ள. என் காதுல ஒருதரம் இரைச்சல்னு போனேன். எப்படி இருக்குன்னு கேட்டாரு. லோடுமேன் புளிமூட்டை இறக்குறாப்ல இருக்குன்னேன். அந்தச் சீட்டுல என்ன எழுதினாரு தெரியுமா? 'வலது காதில் புளிமூட்டை இறங்குகிறது.' கையெழுத்து, தேதி. மருந்துக்கடைக்காரன் வாசிச்சுட்டுக் கல்லாவுல சாய்ஞ்சு சிரிச்சான். நாம சொன்னதை மாத்தி எழுத அந்த ஆளுக்குக் கை வராது."

ஜைனம்பு என்னைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். "தப்பாச்சுன்னா அவுங்க காது போச்சு அண்ணாச்சி. என் அனுபவத்துல சொல்றேன், கணவன்."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவள் ஆயிரம் மெஷின் பார்த்தவள். நான் பார்த்தது ஒரு டாக்டர் சீட்டு. என் காதாக இருந்தால் யோசித்திருக்க மாட்டேன். சலேத் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, விரலால் என் வாயையும் அவள் காதையும் காட்டி, "நான் சொல்லவா?" என்றேன்.

அவள் போனைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்தாள்.

"என்ன எழவையாவது சொல்லும்," என்றாள். "இதுக்கு மேல என்ன செவிடாவேன்?"

"விரலை எடு பிள்ள."

எடுத்தாள்.

"சலேத் மேரி உங்களுக்கு என்ன வேணும்?" என்றது அது.

"எனக்கு ஒண்ணும் வேணாம்," என்றேன்.

வட்டம் சுற்றியது. பின் ஆடினால் எல்லாம் போகும் என்று இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். ஜைனம்பு கண்ணை மூடி ஏதோ ஓதினாள். சலேத் மாதாவைக் கூப்பிட்டாள். எனக்குக் கூப்பிட ஆள் இல்லாததால் வட்டத்தையே பார்த்தேன்.

"பொருந்துகிறது," என்றது லேப்டாப். "வாங்க பூலோகம். பதிவைத் திறக்கிறேன்."

ஜைனம்பு போட்ட கூச்சலில் சந்தில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். திரையில் இருபத்திரண்டு கோடுகள், குட்டையும் நெட்டையுமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றன. அதற்கு மேலே ஒரு கட்டம். ஜைனம்பு வாசித்துக் காட்டினாள்: "உடன் வந்தவர்: பூலோகம். உறவு: எனக்கு ஒண்ணும் வேணாம் டாக்டர்." 'டாக்டர்' என்ற சொல்லைக்கூட அந்த மனுசன் விடவில்லை.

ஜைனம்பு சலேத்தின் வில்லையில் ஒரு வயரை மாட்டினாள். ஒவ்வொரு கோடாக எதையோ அமுக்கினாள். சலேத் அசையாமல் இருந்தாள். ஐந்து நிமிசம், பத்து நிமிசம். என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பொறுக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"ஏ மூதேவி, கேக்குதா இல்லியா? என் கை போச்சுட்டி."

சலேத் மெள்ளத் திரும்பினாள்.

"யாரப் பாத்துவே மூதேவிங்கீரு?"

ஜைனம்பு கையைத் தட்டினாள். நானும் தட்டியிருப்பேன், கையில் பின். சலேத் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கோத்து, வாய் மட்டும் சண்டைக்கு நின்றது.

"எட்டு மாசமா எவ்வளவு மரியாதையாப் பேசினீரு! இப்ப காது வந்ததும் பழைய புத்தி வந்துட்டோ?"

"நான் எப்பட்டி மரியாதையாப் பேசினேன்?"

போனை எடுத்துப் பழைய எழுத்துகளைக் காட்டினாள். ஜைனம்பு வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்கச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் பேசியதையெல்லாம் அந்த மெஷின் நாகரிகமாக மாற்றி எழுதியிருக்கிறது. 'குழம்பா இது, உப்பளத்துத் தண்ணியா?' என்று நான் கேட்டதற்கு, 'உணவு மிகவும் சுவையாக உள்ளது' என்று ஓடியிருக்கிறது. 'தள்ளி நில்லுட்டி மூதேவி' என்றதற்கு, 'அன்புத் தோழி, கவனமாக இருங்கள்.' மெஷினை நம்பாதே என்று நான் சொல்வது இதற்குத்தான்.

"இத நம்பித்தானே நித்தம் ஒரு மீன்துண்டு கூட வச்சேன்!" என்று கத்தினாள் சலேத்.

அது உண்மை. கூடுதல் துண்டு விழுந்தது. காரணம் கேட்காமல் தின்றேன்.

சலேத் வில்லையை ஒட்டிக்கொண்டு சந்துக்கு இறங்கினாள். முதலில் காக்கா கத்தியதற்கு நின்றாள். அடுத்து ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்ததற்கு நின்றாள். மூலையில் பரோட்டா கடை அப்போதுதான் சாயங்கால வியாபாரத்தை ஆரம்பித்திருந்தது. மாஸ்டர் இரண்டு தகடுகளைக் கல்லில் தட்டிக் கொத்து போட்டுக்கொண்டிருந்தான். சலேத் அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்ன பாட்டி, முட்டையா சிக்கனா?"

"ஒண்ணும் போடாண்டாம். இன்னொருக்க அடி."

அவனுக்குப் புரியவில்லை. நான் பின்னால் இருந்து, "எட்டு மாசமா காது கேக்காம இருந்து இப்பத்தான் கேக்குதுடே," என்றேன். அவன் எண்ணெய்த்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் கல்லில், தகடு இரண்டும் பறக்க ஒரு அடி அடித்தான் பாருங்கள், கோயில் கொடை மேளம்கூட அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டேபிளைத் தட்டினார்கள். எவனோ டம்ளரில் கரண்டியால் தாளம் போட்டான். ஜைனம்பு கடையைத் திறந்துபோட்டு ஓடிவந்து விசிலடித்தாள். சலேத் நடுவில் நின்று காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைப் பொத்திப் பொத்தித் திறந்து சிரித்தாள். ஏதோ பிள்ளை விளையாடுகிற மாதிரி. எனக்கும் சிரிப்பு வந்தது. பரோட்டா புகையில் கண்ணும் கொஞ்சம் எரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

அன்றைக்கு நாங்கள் போன பிறகு 'ஊரார்' ஜைனம்புவிடம் ஒன்று கேட்டிருக்கிறது. 'புதிய உறவுமுறை ஒன்று கிடைத்தது. பட்டியலில் சேர்த்து மற்ற ஊர்களுக்கும் சொல்லட்டுமா?' இவள் சரி என்றிருக்கிறாள். அந்த யாழ்ப்பாணத்துக்காரர்களும் நாமக்கல் வாத்தியாரும் பேசி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பதிவில் இருக்கிற சொந்தம் செத்துப்போயிருந்தால், நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டு பேரும் 'ஒண்ணும் வேணாம்' என்று சொன்னால் திறக்கும். அத்தை, மாமா, சித்தப்பா, கொழுந்தன் என்று போகிற பட்டியலில் கொழுந்தனுக்கு அடுத்து இப்போது அதுவும் ஒரு முறை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஜைனம்பு கடையில் ஒரே கூட்டம். புன்னைக்காயலில் இருந்து ஒரு அம்மா, பக்கத்து வீட்டு நர்ஸோடு. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர், அவரை இரண்டு வருசமாகக் கோயிலுக்கு ஏற்றிப்போகிற ஆட்டோக்காரனோடு. ஒரு பெரியவர் தன்னோடு சீட்டாடுகிறவரைக் கூட்டிவந்திருந்தார். காது மட்டும் இல்லை, நெஞ்சில் மெஷின் வைத்தவர்களும் தங்கள் டாக்டரின் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சலேத் ஒரு தூக்குச்சட்டி நிறைய ஆப்பம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கு அங்கே ஒரே வேலை, சார்ஜர் பின்னைச் சாய்த்துப் பிடிப்பது. அந்தச் சாய்வு வேறு யாருக்கும் வரவில்லையாம்.

ஹெட்மாஸ்டருக்குத் திறந்தபோது கடை அதிர்ந்தது. ஆட்டோக்காரன் அவரைத் தூக்கியே விட்டான்.

"இப்பமாவது நம்புறீங்களா அண்ணாச்சி?" என்றாள் ஜைனம்பு.

"எதை?"

"இதைத்தான். ஊராரை."

"ஒண்ணு கேக்கேன், சொல்லு," என்றேன். "ஒண்ணும் வேணாம்னு சொன்னா உள்ள விடுமா? களவாணியும் அதைத்தானே சொல்லுவான்?"

"சொந்தக்காரன்னு சொல்லிக்கிட்டுக் களவாணி வந்ததே இல்லியா அண்ணாச்சி?"

"அது வேற," என்றேன்.

"எப்படி வேற?" என்றாள் சலேத், மூன்று பேருக்கு அந்தப் பக்கம் இருந்து.

எப்படி வேறு என்று சொல்லத் தெரியாததற்காக நம்பிவிட முடியுமா? ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு, விரலை இப்படி வை, கட்டைவிரலை இப்படிக் கொடு என்று காட்டிப் பின்னை அவன் கையில் மாற்றினேன். விளக்கு அணையவில்லை. செருப்பை மாட்டினேன். உள்ளே அது அடுத்த ஆளிடம் அதே பாசக் குரலில் கேட்க ஆரம்பித்தது. யார் என்ன பதில் சொன்னார்கள் என்று நின்று கேட்கவில்லை. எனக்கு யார்டில் டூட்டி இருந்தது. நடந்தேன்.